ரவூஃப் பாயின் பெட்டி எழாத மதியங்கள்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற வருஷம் வேலைக்குச் சேர்ந்த பெண். போன் மணி கேட்டதும் வழக்கம்போல, என்றைக்கோ நான் எழுதிய எதுவோ எங்கேயோ நின்றுவிட்டது, அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அக்கா, ஒண்ணும் ஆகல, பயப்படாதீங்க" என்றுதான் அவள் பேச்சையே ஆரம்பித்தாள். என்னைத் தெரிந்தவர்கள் எல்லோருமே அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

விஷயம் இவ்வளவுதான். இப்போதெல்லாம் சோதிக்கும் சர்க்யூட் போர்டுகள் அலுவலகத்தில் இல்லையாம். எங்கேயோ ஒரு அறையில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்களாம். இங்கே உட்கார்ந்தபடியே ஆன் செய்கிறார்கள், அணைக்கிறார்கள், அது சொல்வதைப் படிக்கிறார்கள். "நான் வேலை பாக்குற போர்ட நான் கண்ணாலயே பாத்ததில்லக்கா. நீங்கல்லாம் மேசை மேல வச்சு வேலை பாத்தீங்களாமே. அத எழுதிக் குடுங்களேன். புதுசா வர்றவங்களுக்குப் படிக்கக் குடுப்போம்" என்றாள்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் தப்பு வந்தால் சிரிப்பார்களே என்று நாலு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு, மந்தைவெளியில் இந்த ஒற்றை அறையில் எனக்கு வேறென்ன வேலை இருக்கிறது என்று எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் கஸ்தூரி. எங்கள் வீடு அடையாற்றுக் கரையில் இருந்தது. அம்மா வேலைக்குப் போன இடத்தில் மாடிப்படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதும் என் படிப்பு நின்றது. அம்மா நடக்க ஆரம்பித்த பிறகு அடையாறு பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் வேலைக்குச் சேர்ந்தேன். சால்டர் செய்த போர்டைச் சோதிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். சோதிக்கும்போது திரையில் ஓடும் வரிகள் என்ன சொல்கின்றன என்று தெரியாமல் சோதிப்பது எனக்குப் பயமாக இருந்தது. அதனால் ஒவ்வொரு வரியாகப் படிக்கப் பழகினேன். இன்றைக்கும் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பெரும்பாலும் கோளாறைச் சொல்லும் ஆங்கிலம்தான். ஒருவரிடம் நலம் விசாரிக்கச் சொன்னால் திணறுவேன். அதற்குள் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. பிறகு ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பழைய வீட்டில் நடந்த அலுவலகத்துக்கு வந்தேன். கடைசிவரை அங்கேதான்.

அங்கே நாங்கள் செய்தது கெர்னல் வேலை. கணினிக்குள் மற்ற எல்லா மென்பொருளுக்கும் அடியில், வன்பொருளை நேராகத் தொட்டு வேலை வாங்கும் பகுதியைக் கெர்னல் என்பார்கள். உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதும் ஒரு கெர்னலை எடுத்து, புதிதாகச் செய்யும் ஒவ்வொரு போர்டுக்கும் ஏற்றபடி அமைத்துக் கொடுப்போம். இதை அம்மாவுக்குப் புரியவைக்க ஒருமுறை பாடுபட்டேன்.

"கம்ப்யூட்டர் முழிச்சிக்கும்போது அதோட கை எங்க கீது, கண்ணு எங்க கீதுன்னு அதுக்கே தெரியாதும்மா. நாங்கதான் எழுதி வைக்கணும்."

"ரூம்ல வேற யாரும் இல்லியா?"

"இல்லம்மா. நானும் போர்டுந்தான்."

"இன்னாடி பொழப்பு இது, மெஷினுக்குக் கை கால் காட்டிகினு! மனுசங்க கூட பேசறா மாதிரி எதனா வேலை கெடைக்கலியா உனக்கு?"

ஆற்றங்கரை வீடுகளை எடுத்துவிட்டு எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பியபோது அம்மாவும் தம்பியும் போனார்கள். அங்கிருந்து பஸ் பிடித்தால் பாதி நாள் வழியிலேயே போய்விடும் என்று நான் இங்கே அறை எடுத்துக்கொண்டேன். தற்காலிகம் என்றுதான் சொன்னேன்.

எங்கள் மேலதிகாரி வரதராஜன் சார். மயிலாப்பூர்க்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எனக்கு அதுவே பயமாக இருக்கும். கத்தினால் கோபம் எவ்வளவு என்றாவது தெரியும். புது போர்டு வந்தால் அவரிடம் ஒரு முறை உண்டு. உடனே மின்சாரம் கொடுக்கக் கூடாது. முதலில் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு முகர்ந்து பார்க்க வேண்டும். எங்கேயாவது தீய்ந்திருந்தால் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரியும். பிறகு மீட்டரை வைத்து ஒவ்வொரு மின் இணைப்பாக, எதுவும் எதனோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று அளக்க வேண்டும். அதன் பிறகுதான் கன்சோல் கேபிள். மெலிந்த மூன்று கம்பிகள். போர்டு தனக்குள் நடப்பதை அதன் வழியாகத்தான் நம் லேப்டாப்புக்கு எழுத்தாக அனுப்பும். கடைசியாக மின்சாரம், அதுவும் கொஞ்சமாக.

"கைய பின்னால கட்டிக்கோங்கோ" என்பார். திரையில் முதல் எழுத்து வரும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. அவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். சில போர்டுகள் உடனே பேசிவிடும். சிலவற்றிடமிருந்து வாரக்கணக்கில் ஓர் எழுத்துகூட வராது.

தப்பாகப் போனால் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"என்ன பார்த்தேள்?"

"மெமரிலதான் ஏதோ பிரச்சனைன்னு நெனைக்கிறேன் சார்."

"நெனச்சத அப்பறம் கேட்டுக்கறேன். பார்த்தது என்ன?"

எனக்கு நினைப்பு அதிகம். பார்ப்பதற்கு முன்பே பத்து விதமாக நினைத்துவிடுவேன். அந்தக் கேள்விக்கு முன்னால் நின்ற நிமிஷங்களை எல்லாம் சேர்த்தால் ஒரு முழுப் பரீட்சை எழுதியிருக்கலாம்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். ஒரு போர்டுக்கு ஒரு ஆள். போர்டின் ஓரத்தில் பெயர் எழுதிய காகிதம் ஒட்டியிருக்கும். வேறு யாரும் தொடக் கூடாது. நாலு கை பட்டால் எது எதனால் மாறியது என்று தெரியாமல் போய்விடும். சரியான விதிதான். ஆனால் திரையில் தெரியும் பொத்தான்களைச் செய்கிறவர்கள் கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து, பேசிச் சிரித்து, ஒன்றாகப் போய்ச் சாப்பிட்டு வருவார்கள். நான் பின்கட்டு அறையில் என் பெயர் ஒட்டிய போர்டோடு இருப்பேன். எனக்கு அதிகம் கடிதம் எழுதியவர் ஏதோ குளிர் தேசத்தில் இருந்த ஒரு கெர்னல் பொறுப்பாளர். நான் அனுப்பும் திருத்தங்களை அவர்தான் படித்துச் சேர்ப்பார், அல்லது திருப்பி அனுப்புவார். "என்ன செய்தீர்கள் என்பது தெரிகிறது, ஏன் என்பது தெரியவில்லை" என்று வரும். வருஷக்கணக்காக எழுதிக்கொண்டோம். அவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.

இனி ரவூஃப் பாய்.

பேச முடியாதவர்களுக்காக ஓர் அறக்கட்டளை ஒரு பெட்டி செய்யச் சொன்னது. சின்னத் திரை, ஒலிபெருக்கி, கம்பியில் தொங்கும் ஒரே ஒரு பொத்தான். திரையில் எழுத்துகள் மேல் ஒரு வெளிச்சக் கட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். வேண்டிய எழுத்துக்கு வந்ததும் பொத்தானை அழுத்தினால் அது பிடித்துக்கொள்ளும். இப்படிச் சொல் சேர்ந்ததும் பெட்டி உரக்கச் சொல்லும். வெகுநேரம் சும்மா இருந்தால் பேட்டரியை மிச்சப்படுத்தத் திரையை அணைத்துத் தூங்கிவிடும், பொத்தானைத் தொட்டால் எழும். அதன் கெர்னல் வேலை முழுக்க என்னுடையது. முதலில் செய்த சில பெட்டிகளில் ஒன்று கோபாலபுரத்தில் ரவூஃப் பாய் வீட்டுக்குப் போனது.

பாய் ஜாக்கெட்டுகளுக்கு ஆரி பூத்தையல் வேலை செய்தவர். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் வந்து, குரல் போய், கடைசியில் வலது கட்டைவிரல் மட்டும் மிச்சம் இருந்தது. மனைவி ஜரீனா மணி கோக்கும் வேலை செய்து, மதியத்தில் தி.நகர் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த நேரத்தில் பாய் வீட்டில் தனியாக இருப்பார். ஏதாவது வேண்டுமென்றால் பெட்டி உரக்கக் கூப்பிடும். கீழ் வீட்டு அம்மாள் ஏறி வருவார். ஆக, அந்தப் பெட்டிதான் அவருக்கு வாய், அழைப்பு மணி, எல்லாம்.

அது மதியங்களில் செத்துப்போக ஆரம்பித்தது.

ஒரு நாள் ஜரீனா திரும்பி வந்தபோது கரண்ட் போய் மின்விசிறி நின்றிருக்கிறது. பாய் வியர்வையில் நனைந்து கிடந்திருக்கிறார். திரை கறுப்பு. கட்டைவிரல் சிவந்து வீங்கியிருந்ததாம், அவ்வளவு நேரம் அழுத்தியிருக்கிறார். பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் பெட்டி ஒன்றுமே நடக்காததுபோல எழுந்துகொண்டது.

எனக்குச் செய்தி வந்ததும் லேப்டாப்பையும் கேபிளையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். மாடியில் ஓர் அறை. கட்டிலுக்கு நேரே ஒரு தாங்கியில் பெட்டி. கேபிளைச் செருகிவிட்டு உட்கார்ந்தேன். மதியம் முழுக்க அது அழகாகத் தூங்கியது, பொத்தானைத் தொட்டதும் அழகாக எழுந்தது. மறுநாள் நான் போகவில்லை, செத்தது. அதற்கு மறுநாள் போனேன், ஒரு குறையும் இல்லை. அலுவலகத்துக்கு எடுத்து வந்து என் மேசையில் வைத்துப் பார்த்தேன். ஒரு வாரம் வைத்தாலும் எழும்போல இருந்தது.

"இதப் பாருங்க மேடம்" என்றார் ஜரீனா. "எங்க தங்கச்சி வூட்டுக்காரரு இப்படித்தான். விருந்தாளிங்க வந்தா மட்டும் வேலைக்குப் போறா மாதிரி சட்டைய மாட்டிக்குவாரு. இதுவும் உங்களக் கண்டா நல்ல புள்ளயா ஆயிடுது."

கட்டிலில் இருந்த பாயின் கட்டைவிரல் அசைந்தது. கட்டம் நகர்ந்து நகர்ந்து எழுத்துகளைப் பொறுக்கியது. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரியான குரலில் பெட்டி சொன்னது: "உன் பேர் இன்னா."

அந்தக் குரலில் 'இன்னா' வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயரைச் சொன்னேன். அவர் இன்னும் ஒன்று எழுதினார். நேரம் பிடித்தது.

"சாப்ட்டியா கஸ்தூரி."

அப்படி என்னைக் கேட்ட மனிதர் அந்த மாதத்தில் அவர் ஒருவர்தான்.

அதன் பிறகு முடிந்த நாளெல்லாம் மதிய உணவு நேரத்தில் டப்பாவோடு அங்கே போய்விடுவேன். கேபிளைச் செருகுவேன், லேப்டாப்பில் ஓடும் வரிகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். வேலைக்காகத்தான். ஆனால் பெட்டி நான் இருக்கும்போது சாகாது என்பதால் ஒன்றும் கண்டுபிடிக்கவும் முடியவில்லை. நான் இல்லாத நாட்களில் பாய் தூங்குவதையே விட்டுவிட்டார் என்று ஜரீனா சொன்னார். பெட்டி தூங்கினால்தானே சாகிறது என்று, அதைத் தூங்கவிடாமல் சும்மா சும்மா பொத்தானை அழுத்திக்கொண்டே கிடப்பாராம். "கண்ண மூட மாட்டேங்கறாரு. வெரலு வேற வலிக்குது. அதுவும் போயிட்டா அப்பறம் இன்னா பண்றது?"

வரதராஜன் சாரிடம் சொன்னேன். எனக்குத் தோன்றிய வழிகளையும் சொன்னேன். தூக்கத்தையே எடுத்துவிடலாம் என்றேன். "அப்போ பேட்டரி எத்தன நாழி நிக்கும்? கரண்ட் போனா?" என்றார். கேபிளையும் ஒரு பழைய லேப்டாப்பையும் அங்கேயே விட்டுவிடலாம், கேபிள் இருந்தால் ஒழுங்காக இருக்கிறது என்றேன்.

"ஏன் ஒழுங்கா இருக்குன்னு தெரியுமோ?"

"தெரியல சார்."

"அப்போ நாளைக்கே ஒழுங்கா இல்லேன்னா, ஏன்னும் தெரியாது." சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "பேசறதுக்கு மட்டும்னா வெச்சுண்டு இருக்கட்டும். ஆபத்துக்குக் கூப்பிடறதும் இதுலதான்னா, நம்பிண்டு படுத்திருக்கப்படாது. வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியலேன்னா பெட்டிய எடுத்துண்டு வந்துடுங்கோ."

"அப்பறம் அவர் எப்படி சார் பேசுவார்?"

"முன்னாடி எப்படிப் பேசிண்டிருந்தார்?"

முன்னாடி எப்படி என்று எனக்குத் தெரியும், ஜரீனா காட்டியிருந்தார். எழுத்துகள் எழுதிய அட்டையில் அவர் விரலை நகர்த்துவார். வேண்டிய எழுத்து வந்ததும் பாய் கண்ணை இமைப்பார். பக்கத்தில் யாராவது இருந்தால்தான் பேச்சு. தனியாக இருக்கும்போது இமைத்தால் யார் பார்ப்பார்கள்?

சார் சொன்னது நியாயம் என்பதால் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து பெட்டியின் நிரலை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே போவேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடுவேன்.

புதன்கிழமை மதியம் போனேன். கேபிளைச் செருகி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவோம் என்று பேட்டரியைக் கழற்றினேன், கொஞ்சம் பொறுத்து மாட்டினேன். என் கண் லேப்டாப் திரையில்தான் இருந்தது. வரிகள் ஓடின. எல்லாம் சரி. வழக்கம்போல எல்லாமே சரி. பெட்டி எழுந்ததும் பாய் எழுத ஆரம்பித்தார். நான் கவனிக்கவில்லை. வெகுநேரம் கழித்து பெட்டி பேசியது.

"பேட்டரி எடுத்த. லைட் போகல."

"இன்னா பாய்?"

மறுபடி எழுதப் பொறுமையில்லாமல் அதையே திரும்பச் சொல்ல வைத்தார். "பேட்டரி எடுத்த. லைட் போகல."

பொத்தான் கம்பி செருகும் இடத்துக்குப் பக்கத்தில் கடுகளவு பச்சை விளக்கு ஒன்று உண்டு. மறுபடி பேட்டரியைக் கழற்றினேன். இந்த முறை லேப்டாப்பைப் பார்க்கவில்லை. குனிந்து பெட்டியைப் பார்த்தேன். பேட்டரி என் கையில் இருக்கிறது, சார்ஜரும் செருகவில்லை. பெட்டியில் மின்சாரம் என்று எதுவும் இருக்க வழியில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்பதுபோல. ஆனால் எரிந்தது.

கேபிளை உருவினேன். அணைந்தது. செருகினேன். எரிந்தது.

கட்டிலைப் பார்த்தேன். நாள் முழுக்க அவருக்கு எதிரே இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அது அனுப்பும் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெட்டியின் பெரிய மூளை நெடுநேரம் வேலை இல்லாவிட்டால் ஆழ்ந்து தூங்கிவிடும். பொத்தானைக் கவனிக்கவென்று வாசல் காவல்காரர் மாதிரி, சிப் என்கிற சின்னச் சில்லு ஒன்று தனியாக உண்டு; அந்தப் பச்சை விளக்கும் அதன் மின் இணைப்பில்தான் எரிகிறது. அது தூங்கக் கூடாது. பொத்தான் அழுந்தினால் பெரியவரைத் தட்டி எழுப்புவது அதன் வேலை. கெர்னலுக்கு ஒரு சிக்கன புத்தி இருக்கிறது. எனக்கு வேண்டும் என்று யாரும் பதிந்து வைக்காத மின் இணைப்பைத் தூங்கப்போகும்போது அணைத்துவிடும். அந்தச் சில்லைச் செய்தவர்கள் கொடுத்த விவரத்தில் அந்தப் பதிவு விட்டுப்போயிருந்தது. ஆகவே வீட்டுக்காரர் தூங்கும்போது காவல்காரரின் சோற்றையும் நிறுத்திவிட்டுத் தூங்கியிருக்கிறார்.

அப்படியானால் என் மேசையில் ஏன் சாகவில்லை? கேபிளால்தான். கன்சோல் கேபிள் கேட்க மட்டும் செய்யும், எதையும் கொடுக்காது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அதன் ஒரு கம்பி வழியாக லேப்டாப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக மின்சாரம் கசிந்து, அந்தச் சில்லைப் பிழைக்க வைத்திருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் கேபிள் செருகாத பெட்டி என்று ஒன்று இருந்ததே இல்லை. என்ன நடக்கிறது என்று பார்க்காமல் ஒரு பெட்டியை எப்படிச் சும்மா விடுவது? அப்படிப் பழகியவர்கள் நாங்கள். ஆள் பார்த்துக்கொண்டிருக்கும் வரை சாகாத பெட்டியை, ஆள் இல்லாத வீட்டுக்கு அனுப்பியிருந்தோம்.

வாசலுக்கு வந்து சாருக்குப் போன் செய்தேன்.

"என்ன பார்த்தேள்?"

"பேட்டரி இல்ல. கேபிள் இருக்கு. பொத்தான் பக்கத்து விளக்கு எரியுது. கேபிள எடுத்தா அணையுது. நான் பாக்கல சார், அவர் பார்த்தார். அப்பறம் நானும் பார்த்தேன்."

அவர் மெல்ல, "அட பகவானே" என்றார். என் காதுபட அவர் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

திருத்தம் ஒரே வரி. இந்தச் சில்லுக்கு இந்த மின் இணைப்பு வேண்டும், தூங்கும்போதும் வேண்டும். அன்று சாயங்காலமே எழுதி முடித்து, அலுவலகத்தில் இருந்த இன்னொரு பெட்டியில் ஏற்றி, கேபிள் இல்லாமல் மேசையில் வைத்தேன். ஒன்றையும் காட்டாமல் அந்தப் பெட்டி சும்மா கிடப்பதைப் பார்ப்பது எனக்குச் சகிக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன், எழுந்தது. ஆனாலும் சார் ஒப்புக்கொள்ளவில்லை. "அது எங்க நின்னதோ அங்க சரியாகட்டும். அவர் எப்படி இருப்பாரோ அப்படியே இருக்கணும்."

அவர் எப்படி இருப்பார்? தனியாக இருப்பார். அறையில் ஆள் இருந்தால் பாய் ஏதாவது பேசுவார், பெட்டி தூங்காது. கேபிள் போட்டால் சோதனையே இல்லை. அவரைத் தனியாக விட்டுவிட்டு, அவர் பொத்தானைத் தொடாமல் இருந்து, பெட்டி நன்றாகத் தூங்கிய பிறகு அவர் கூப்பிட வேண்டும். வேறு வழி இல்லை.

வியாழக்கிழமை மதியம் பாயின் பெட்டியில் திருத்தத்தை ஏற்றிவிட்டு, இதை அவரிடம் சொன்னேன். "நாங்க வெளிய மாடிப்படியில இருப்போம் பாய். நீங்க அஸர் தொழுகைக்குப் பாங்கு கேக்கற வரைக்கும் பொத்தானத் தொடக் கூடாது. பாங்கு கேட்டதும் அழுத்துங்க. பயமா இருந்தா வேணாம், இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"பயம் உனக்கு" என்றது பெட்டி.

கதவை ஒருக்களித்துவிட்டு நானும் ஜரீனாவும் படியில் உட்கார்ந்தோம். ஜரீனா மடியில் ஜாக்கெட்டை வைத்து மணி கோத்தார். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. லேப்டாப் இல்லை, கேபிள் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல ஒரு வரி எழுத்தும் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொள்ளலாம் என்றால் உட்கார்ந்துகொண்டு அதுவும் முடியவில்லை. பேட்டரி சரியாக உட்கார்ந்ததா? திருத்திய கெர்னலைத்தான் ஏற்றினேனா, பழையதையா? விரல் பொத்தானிலிருந்து நழுவியிருந்தால்?

"சும்மா கிட கஸ்தூரி. படியே ஆடுது" என்றார் ஜரீனா. என் கால் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

மசூதியில் பிற்பகல் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. தெருவில் ஓர் ஆட்டோ திரும்பிப் போனது. பாங்கு முடிந்தது.

உள்ளே சத்தம் இல்லை.

ஜரீனா ஊசியை நிறுத்தினார். இருவரும் கதவையே பார்த்தோம். ஓர் எழுத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதை மனசுக்குள் கூட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு சொல் போயிருக்கும். இரண்டு சொல் போயிருக்கும். ஒரு முழு வாக்கியமே எழுதியிருந்தாலும் இந்நேரம் வந்திருக்க வேண்டும். உள்ளே சிவந்த விரல் அழுத்திக்கொண்டே இருப்பது என் கண்ணில் நின்றது. நாளைக்கு நான் பெட்டியைத் தாங்கியிலிருந்து கழற்ற வேண்டும். அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நான் போய்ப் பாக்கறேன்" என்று ஜரீனா எழுந்தார். நான் தடுக்கவில்லை. செருப்பில்லாமல் போய்க் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். அப்படியே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, உதட்டில் விரலை வைத்தார்.

நானும் எட்டிப் பார்த்தேன். பாய் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. விரல் பொத்தான் மேல் அழுத்தமில்லாமல் கிடந்தது. திரை கறுப்பாக இருந்தது.

மறுபடி படியில் வந்து உட்கார்ந்தோம். "எத்தன நாளாச்சு தெரியுமா, இவரு மத்தியானம் கண்ண மூடி" என்று ஜரீனா கிசுகிசுத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மணி கோக்க எடுத்தவர் கோக்கவில்லை. நாங்கள் எழுப்பவில்லை. வெயில் படியை விட்டு இறங்கிப் போய்விட்டது. எதிர் வீட்டில் பள்ளிக்கூடப் பை விழும் சத்தம் கேட்டது. சார் இரண்டு முறை போன் செய்தார், நான் எடுக்கவில்லை.

பிறகு அந்த ரயில் நிலையக் குரல், தெருமுனைவரை கேட்கும்படி.

"ஜரீனா. பாங்கு ஆச்சா."

ஜரீனா எழுந்து ஓடினார். மடியில் இருந்த மணியெல்லாம் படியில் கொட்டி உருண்டது. நான் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்து உள்ளே போக எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.

கெர்னலுக்கு அனுப்பும் திருத்தத்தில் அடியில் ஒரு வரி போடும் வழக்கம் எங்களுக்கு உண்டு. கோளாறைக் கண்டு சொன்னவர் பெயர். பாயிடம் கேட்டேன். உலகம் முழுக்கப் போகும், பிறகு யாராலும் அழிக்க முடியாது, சம்மதமா என்றேன். அவர் எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது.

"ஊரெல்லாம் என் ஜாக்கெட். ஒண்ணுலயும் பேர் இல்ல. இதுல போடு."

போட்டேன். குளிர் தேசத்துப் பொறுப்பாளர் அந்த முறை ஒன்றுமே கேட்கவில்லை. நல்ல விளக்கம் என்று மட்டும் எழுதிச் சேர்த்துக்கொண்டார். வரதராஜன் சார் அதைக் காகிதத்தில் அச்செடுத்து, இரண்டு முறை படித்துவிட்டு, என் மேசையில் அடுத்த போர்டை வைத்துவிட்டுப் போனார். ஓரத்தில் என் பெயர் ஒட்டியிருந்தது.

அதன் பிறகு கோபாலபுரத்திலிருந்து போன் வரவில்லை. பெட்டி எழுகிறது, கூப்பிடுகிறது; எனக்கு எதற்குப் போன்? மதியத்தில் பின்கட்டு அறையில் டப்பாவைத் திறப்பேன். கூடத்துக்காரர்கள் கூட்டமாக வெளியே போகும் சத்தம் கேட்கும். சாப்பிடுவேன், மூடுவேன். சில நாட்கள் பஸ் நிறுத்தம்வரை போய்விட்டு, என்ன சொல்லி உள்ளே போவது என்று தெரியாமல் திரும்பியிருக்கிறேன். சரியாக ஓடும் பெட்டியைப் பார்க்கப் போவதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழக்கமும் கிடையாது.

மழைக்காலம் ஆரம்பித்த பிறகு ஒரு நாள் நானே போன் செய்தேன்.

"பெட்டி எப்படி இருக்கு ஜரீனா?"

"சூப்பரா கீது கஸ்தூரி. ஏன், எதனா மாத்தணுமா?"

"இல்ல இல்ல. சும்மாதான் கேட்டேன். சரி, வச்சிடட்டுமா?"

"இரு, இவரு ஏதோ எழுதறாரு."

நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன். மழைச் சத்தம் கேட்டது. ஜரீனா யாரையோ படியில் பார்த்து நடக்கச் சொன்னார். கட்டம் இந்நேரம் எந்த வரிசையில் நகர்ந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. நான் அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் ரயில் நிலையக் குரல் தூரத்திலிருந்து வந்தது. என்னிடம் சொல்லவில்லை, மனைவியிடம் சொன்னது.

"கெட்டுப்போச்சுன்னு சொல்லு. வருவா."